கூடலூரை விட்டுக் கிளம்பிய பாதிரி

மங்கலம்பேட்டையில் பஸ் ஏறி, விருத்தாசலம், வடலூர், குறிஞ்சிப்பாடி என்று கிழக்கே பிரயாணம் செய்தால் கடைசியில் கடலூர் முதுநகருக்கு வந்து சேருகிறோம். துறைமுகமும் ரயில் சந்திப்பும் மீன் வாடையும் உள்ள ஊர் அது. அங்கே வந்து போகிறவர்களில் பலருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை. 1758-ம் வருஷம் மே மாதத்தில் இந்த ஊரைவிட்டு ஒரு ஸ்வீடன் தேசத்துப் பாதிரியார் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினார். பதினெட்டு வருஷ உழைப்பை நாலைந்து நாளில் மூட்டை கட்டும்படி ஆகிவிட்டது அவருக்கு.

அவர் பெயர் ஜான் ஸக்கரியா கீர்னாண்டர்.

கடலூருக்குக் கூடலூர் என்ற பெயரும் உண்டு. ஊருக்கு வடக்கே, தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே புனித டேவிட் கோட்டை நின்றது. 1690-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் மராட்டியரிடமிருந்து இதை விலைக்கு வாங்கினர். அந்தப் பேரமே வேடிக்கையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் கும்பினிக்குச் சொந்தம் என்று ஏற்பாடு. அப்படிக் கிடைத்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1746-ல் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமை இடமாக இருந்ததும் இந்தக் கோட்டைதான்.

இங்கே முதலில் வந்த மிஷனரிமார் இருவர்: ஸார்ட்டோரியஸ், கைஸ்டர். வருஷம் 1737. ஸார்ட்டோரியஸ் வந்த மறு வருஷமே காலமாகிவிட்டார். இந்த நாட்டு வெயிலும் ஜுரமும் அன்றைய ஐரோப்பியர்களை அப்படித்தான் வாரிக்கொண்டு போயின. கீர்னாண்டர் வந்து இறங்கியது 1740-ல். ஸ்வீடனில் பிறந்து, உப்ஸாலா சர்வகலாசாலையில் படித்து, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்தவர். சம்பளம் கொடுத்தது லண்டனில் உள்ள ஒரு கிறிஸ்தவ சங்கம். மனிதர் ஸ்வீடன், பயிற்சி ஜெர்மனி, பணம் இங்கிலாந்து, பிரசங்கம் தமிழ்! அந்தக் காலத்து மிஷனில் இது சாதாரணம். போர்ச்சுகீஸ் பாஷையும் அவருக்குத் தேவைப்பட்டது. துறைமுக ஊர்களில் கலப்பின மக்களுக்கு அதுவே பேச்சு மொழியாக இருந்தது.

1749-ல் ஒரு சம்பவம் நடந்தது. பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொல்கிறார்கள் என்ற சந்தேகத்தின் பேரில், ஆங்கிலேயர் தங்கள் எல்லையிலிருந்து ரோமன் கத்தோலிக்கப் பாதிரிமாரை வெளியேற்றினர். கடலூரிலிருந்த அவர்களுடைய ஆலயத்தைக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் கீர்னாண்டரிடம் ஒப்படைத்தார். கீர்னாண்டருக்குக் கட்டின கோயில் ஒன்று சும்மா கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் அதே கோயிலில் அதுவரை பூசை கண்ட மக்களின் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும்? சண்டையில் கிடைத்தது சண்டையிலே போகும் என்பதை அவர் அப்போது யோசித்தாரோ இல்லையோ, ஒன்பது வருஷத்தில் தெரிந்துகொண்டார்.

மறு வருஷம், 1750 ஜூலையில், மூன்று இளைஞர்கள் கடலூரில் கப்பலைவிட்டு இறங்கினர். ஒருவர் ஹுட்டெமன்; அவர் கீர்னாண்டருக்குத் துணையாகக் கடலூரிலேயே தங்கினார். இன்னொருவர் தரங்கம்பாடிக்குப் போனார். தஞ்சாவூர் சரித்திரத்தில் பிரசித்தி பெற்ற ஸ்வார்ட்ஸ் பாதிரியார் அவர்தாம்.

லாலி வந்தார்

1758 ஏப்ரல் 28-ந் தேதி. புதுச்சேரியில் பிரெஞ்சு சேனாதிபதி லாலி கரை இறங்கினார். தகப்பனார் வழியில் ஐரிஷ்காரர். ஆங்கிலேயர் என்றாலே ஆகாது. பிரயாணக் களைப்பு ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை. அன்று இரவே கடலூரை நோக்கிப் படை கிளம்பிவிட்டது. சோறு தண்ணீருக்கு ஏற்பாடில்லை, சுமை தூக்க ஆளில்லை, வண்டி மாடில்லை. அகப்பட்டவர்களையெல்லாம் ஜாதி, குலம் பாராமல் பிடித்து மூட்டை சுமக்க வைத்தார். புதுச்சேரி வட்டாரத்தில் அவர் பேரைக் கேட்டாலே ஜனங்கள் ஓடும்படி ஆனது இப்படித்தான்.

கடலூர் நகரம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மே 4-ந் தேதி பணிந்துவிட்டது. கோட்டை மட்டும் எதிர்த்து நின்றது.

ஊர் ஒரு பக்கம்; கோட்டை ஒரு பக்கம்; நடுவே மிஷன். பள்ளிப் பிள்ளைகள், உபதேசியார்கள், ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் என்று கீர்னாண்டரை நம்பி இருந்தவர்கள் எல்லாரும் அந்த ஊருக்குள் மாட்டிக்கொண்டனர். கீர்னாண்டரும் ஹுட்டெமனும் லாலியைப் போய்க் கண்டனர். முரடர் என்று பெயர் வாங்கிய லாலி, இவர்களிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார் என்பது விசேஷம். பாதிரிமாருக்குத் தீங்கு வராது என்று அபயம் கொடுத்தார். அபயம் உயிருக்குத்தான், மிஷனுக்கு அல்ல. ஆங்கிலேயரின் ஆதரவில் நடந்த புரொட்டஸ்டண்டு மிஷனுக்குப் பிரெஞ்சுக்காரர் ஊரில் என்ன வேலை?

யோசிக்க அவகாசம் அதிகமில்லை. கோட்டை முற்றுகை தொடங்கினால் குண்டு யார் வீட்டில் விழும் என்று யார் சொல்ல முடியும்? மே மாதம் இரண்டாவது வாரத்திற்குள் அனுமதி பெற்றுக்கொண்டு, பாதிரிமார் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டுவிட்டனர். அதற்குத் தரங்கம்பாடிதான் தக்க இடம். டேனிஷ்காரருக்கு இந்தச் சண்டையில் சம்பந்தமில்லை. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய நாளிலிருந்து மிஷனுக்குத் தாய்வீடும் அதுவே.

இப்போது கடலூருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே உள்ள தூரத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கடந்துவிடுகிறோம். அன்று வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் பாலம் ஏது? வைகாசி வெயிலில், பெண்டு பிள்ளைகளோடு, பின்னால் பீரங்கிச் சத்தம் கேட்கும் அபாயத்தோடு போவதென்றால் சாமான்யமா? கொண்டுபோன பொருளைவிட விட்டுப்போன பொருளே அதிகம். ஆனால் பாதிரியாருக்காவது போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. கடலூரிலேயே வீடும் பிழைப்பும் உள்ள ஏழைக் கிறிஸ்தவன் எங்கே போவான்?

ஜூன் 2-ந் தேதி கோட்டையும் விழுந்தது. லாலி அதை வெடி வைத்துத் தகர்த்தார். தேவனாம்பட்டினத்தில் இன்று கோட்டையைத் தேடிப் போகிறவர்கள் இடிபாடுகளைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டியதுதான்.

கல்கத்தாவில்

கீர்னாண்டர் தரங்கம்பாடியில் நெடுநாள் தங்கவில்லை. அங்கே பாதிரிமார் வேண்டிய மட்டும் இருந்தனர். கப்பலேறி, 1758 செப்டம்பர் கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். பிளாசி யுத்தம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே அதிகாரத்தில் இருந்தவர் கிளைவ். புனித டேவிட் கோட்டையில் உத்தியோகம் பார்த்தவர். கீர்னாண்டருக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார்.

ஆனால் ஒரு குறை. பதினெட்டு வருஷம் பேசிய தமிழ் அங்கே செலாவணி ஆகவில்லை. வங்காளி பாஷை அவருக்குக் கடைசிவரை சரியாக வரவே இல்லை. போர்ச்சுகீஸை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். கடலூர் இழந்தது எதை என்று கேட்டால், இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது: நன்றாகத் தமிழ் தெரிந்த ஒருவர், தமிழே வேண்டாத ஊரில் மீதி நாற்பது வருஷத்தைக் கழித்தார்.

கடலூர் மிஷன் அத்துடன் மாண்டு போகவில்லை. 1760-ல் ஆங்கிலேயர் ஊரைத் திரும்பப் பிடித்ததும் ஹுட்டெமன் வந்துவிட்டார். சிதறிய மந்தையைச் சேர்த்துக்கொண்டு 1781-ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். கல்கத்தாவின் கீர்னாண்டரைச் சரித்திரம் கொண்டாடுகிறது. திரும்பி வந்த ஹுட்டெமனை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அவருக்கு உதவியாக 1767-ல் வந்தவர் கெரிக்கே. 1782-ல் பிரெஞ்சுக்காரர் மறுபடி ஊரைப் பிடித்தபோது, ஆலயத்தில் வெடிமருந்து மூட்டைகளை அடுக்கினர். கெரிக்கே தம் வீட்டில் ஆராதனை நடத்தினார்.

கீர்னாண்டர் கல்கத்தாவில் இரண்டாந்தாரமாக மணந்த சீமாட்டி செல்வம் படைத்தவர். சொந்தப் பணத்தைக் கொட்டிப் பெரிய ஆலயம் ஒன்று கட்டி 1770 டிசம்பரில் திறந்தார். பழைய மிஷன் ஆலயம் என்று இன்றும் கல்கத்தாவில் நிற்கிறது அது. பிறகு மகனுடைய கட்டட வியாபாரத்துக்கு ஜாமீன் நின்று, 1787-ல் சகலத்தையும் இழந்தார். கடன்காரர்களுக்காக ஆலயத்துக்கே சீல் வைத்தாகிவிட்டது. கும்பினி உத்தியோகஸ்தரான சார்லஸ் கிராண்ட் பதினாயிரம் ரூபாய் கொடுத்து அதை மீட்டார்.

கிழவர் சின்சுராவுக்குப் போய், டச்சுக்காரர்களுக்குப் பாதிரியாராக அமர்ந்தார். 1795-ல் ஆங்கிலேயர் சின்சுராவைப் பிடித்தனர். எந்த ஆங்கிலேயரின் பக்கத்தில் இருந்ததற்காகக் கடலூரை விட்டாரோ, அதே ஆங்கிலேயரிடம் இப்போது யுத்தக் கைதி! வயது எண்பதுக்கு மேல். கல்கத்தாவுக்குத் திரும்ப அனுமதித்தார்கள். 1799-ல் அங்கே இறந்தார். மனைவியின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.