மதியத் தூக்கத்துக்கு ஓர் அறை

மதுரை, தேனிப் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் சென்னை போய்வரலாம் என்று உட்கார்ந்தால், முதலில் எழுதுவது இடங்களின் பட்டியலைத்தான். மெரினா, வண்டலூர், மியூசியம், பாம்புப் பண்ணை, தி.நகரில் கொஞ்சம் துணிமணி, போகாவிட்டால் கோபித்துக்கொள்ளும் சொந்தக்காரர் வீடு இரண்டு. பட்டியல் இருக்கட்டும், அவசரமில்லை. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சின்னது எங்கே படுத்துத் தூங்கும்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கம் கெட்டால் சாயங்காலமும் கெட்டது. கடற்கரையில் சுண்டல் வாங்கித் தந்தாலும் அழும், தராவிட்டாலும் அழும்.

அப்படிப் பார்த்தால் தங்குமிடம் எழும்பூர்தான். தென்மாவட்ட ரயில்கள் பல அங்கேதான் வந்து நிற்கின்றன. மெட்ரோவும் புறநகர் ரயிலும் அதே இடத்தில். மியூசியம் ஆட்டோவில் ஐந்து நிமிஷம். நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனிலும் அதைச் சுற்றிலும் எல்லா விலைக்கும் லாட்ஜ் உண்டு. மேடவாக்கத்தில் சித்தப்பா வீடு இருக்கிறதே, வாடகை மிச்சமாகுமே என்பீர்கள். மிச்சமாகும். ஆனால் காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்ப முடியும். நடுவில் பிள்ளை தோளில் தூங்கும். அந்தத் தோள் யாருடையது என்பதில் வீட்டில் சண்டை வரும்.

லாட்ஜில் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டல்களில் இரண்டு விதமான கணக்கு இருக்கிறது. ஒன்று பகல் 12 மணிக் கணக்கு. விடியற்காலை ஐந்தரைக்கு ரயிலை விட்டு இறங்கி நீங்கள் போய் நின்றால், பன்னிரண்டு வரை வரவேற்பறை சோபாவில் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தின நாள் வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இன்னொன்று 24 மணி நேரக் கணக்கு. எந்த நேரம் உள்ளே போகிறீர்களோ, மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள். சனிக்கிழமை காலை ஆறுக்குப் போய்த் திங்கள் காலை ஆறுக்குக் காலி செய்தால் சரியாக இரண்டு நாள் வாடகை. எழும்பூரில் இந்த இரண்டாவது வகை இன்னும் கிடைக்கிறது. போனில் பதிவு செய்யும்போதே, “இருபத்துநாலு மணி நேரமா, பன்னெண்டு டு பன்னெண்டா?” என்று கேட்டுவிடுங்கள். கூடவே, லிஃப்ட் உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும்.

ரயில் என்றால் இரவு ரயில். வைகை நல்ல வண்டிதான், 1977இலிருந்து ஓடுகிறது. ஆனால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஒரே இருக்கையில் சின்னப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்காருவது தவம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், பெர்த்தும் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், தனிப் பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. 2016 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. ஆறு வயதுக்காரனுக்குத் தனிப் பெர்த் போட்டுவிடுங்கள். மிச்சம் பிடிக்கிற அந்தப் பாதிக் கட்டணம், ராத்திரி முழுக்க விலாவில் வாங்குகிற உதைக்குக் காணாது. வண்டி முடிவது எழும்பூரிலா தாம்பரத்திலா என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விடுமுறை நாள் கணக்கு. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய். பூட்டின கேட் முன்னால் நின்று பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. வெள்ளி ராத்திரி ஏறி, சனி, ஞாயிறு, திங்கள் என்று வைத்துக்கொண்டால் எதிலும் இடிக்காது.

சனிக்கிழமை குளித்து இட்லி சாப்பிட்டு மியூசியம் போனால் ஒன்பதரைக்குத் திறப்பார்கள். 1851இல் தொடங்கியது, பெரியவர்களுக்கு அங்கே சோழர் கால வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. ஆனால் பிள்ளையை முதலில் திமிங்கில எலும்புக்கூட்டிடம் கூட்டிப்போங்கள். அறுபது அடி நீளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கியது. தலைப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வால் வரை பிள்ளையையே நடக்க விடுங்கள். தன் காலால் நடந்து அளந்த பிறகு, எத்தனை அடி என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பிறகு சிறுவர் அருங்காட்சியகம், பொம்மைகள், வாசலில் டைனோசர். வெண்கலக் கூடத்துக்குப் பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு இருபது நிமிஷம் போய்வரலாம். உயிரில்லாததைப் பார்த்துப் பிள்ளை சலித்துக்கொண்டால் கோபிக்க வேண்டாம். இதே வளாகத்தில்தான் 1855இல் எட்வர்ட் பால்ஃபர் உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவந்து காட்சிசாலை வைத்தார். புலி வந்ததும் கூட்டம் கூடிவிட்டது, அதுவும் பெரியவர்கள் கூட்டம். அதுதான் இடம் மாறி, 1985இல் வண்டலூரில் பெரிதாகத் திறக்கப்பட்டது.

கடற்கரைக்குச் சாயங்காலம்தான் போக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் காலை ஆறு மணி. பிள்ளைகள் எப்படியும் ஐந்தரைக்கு எழுந்துவிடும், அந்த நேரத்தை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. மெரினாவில் சாலையிலிருந்து அலை வரை மணலில் நடப்பதற்குள் சின்னது பாதி வழியில் தூக்கச் சொல்லும். பெசன்ட் நகரில் அவ்வளவு தூரமில்லை. இரண்டு இடத்திலும் உள்ளிழுப்பு உண்டு, கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் பிள்ளைகளின் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதை எந்த நாளிலும் நீங்களே செய்யலாம், ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். முழங்கைக்கு உள்பக்கம் எழுதினால் சீக்கிரம் அழியாது.

ஞாயிறு கிண்டி. போகும் வழியே ஒரு வேடிக்கை. எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி விமான நிலையப் பக்கம் போகும் வண்டியைப் பிடியுங்கள். சைதாப்பேட்டை வரை சுரங்கம், கண்ணாடியில் தன் முகம் மட்டும்தான் தெரியும். அதைத் தாண்டியதும் வண்டி மேலே ஏறி, திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து, மொட்டைமாடிகளும் காயப்போட்ட துணிகளும் கீழே ஓடும். முதல் தடவை பார்க்கிற பிள்ளையின் வாயைப் பாருங்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரம் என்றால் டிக்கெட் இல்லை. மூன்று வயதானால் பல பிள்ளைகள் அதைத் தாண்டிவிடும். கிண்டியில் இறங்கி ஆட்டோவில் சிறுவர் பூங்கா, பக்கத்திலேயே ரோமுலஸ் விட்டேக்கர் 1972இல் ஆரம்பித்த பாம்புப் பண்ணை. இரண்டும் சேர்த்து ஒரு காலைப்பொழுது. நகரத்துக்கு நடுவே 270 ஹெக்டேர் காடு இருக்கும் ஊர் நம் நாட்டில் அதிகமில்லை. மான் பார்த்த கையோடு பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு இடம் என்று யாராவது ஆரம்பித்தால் கேட்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். இட்லியும் தயிர்சாதமும் கிடைக்காத தெரு எழும்பூரில் இல்லை. புது ருசியை அறிமுகம் செய்ய இது நேரமல்ல.

வண்டலூரை விட்டுவிட்டால்தான் எல்லோருக்கும் மனக்குறை. அறுநூறு ஹெக்டேர் அது. பேட்டரி வண்டி இருந்தாலும் நான்கு வயதுக்குக் கீழே என்றால் நான் கிண்டியோடு நிறுத்திக்கொள்வேன். ஆறு வயதுக்காரன் சிங்கம் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்றால், திங்கள்கிழமைக்கு வையுங்கள். காலை ஆறுக்கு அறையைக் காலி செய்து, பலகாரம் சாப்பிட்டு, புறநகர் ரயிலில் செங்கல்பட்டுப் பக்கம் போனால் ஆபீஸ் கூட்டம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். ஒன்பதுக்குப் பூங்கா திறக்கும்போது வாசலில் நிற்கலாம். மதியத்துக்குள் முடித்தால், தெற்கே போகும் பஸ்கள் கிளம்பும் கிளாம்பாக்கம் அங்கிருந்து பக்கம்தான். மதியத் தூக்கம் பஸ்ஸில். பெட்டிகளோடு சிங்கத்தைப் பார்க்கப் போக முடியாது என்பது ஒன்றுதான் இதில் சிக்கல். அவற்றோடு பஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார ஒரு பெரியவர் சம்மதிக்க வேண்டும். வண்டலூரை நாலு தடவை பார்த்துவிட்ட மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கிளம்புவதற்கு முந்தின வாரமே அவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.