இரண்டு பொம்மைகள்

ஏழு நிமிடப் படம் ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். பெயர் ‘எ கேர்ள் லைக் மீ’. நியூயார்க்கில் பள்ளி மாணவியாக இருந்த கிரி டேவிஸ், இளையோருக்கான திரைப்படப் பயிற்சித் திட்டம் ஒன்றின் துணையோடு 2005இல் எடுத்த ஆவணப்படம்.

கறுப்பின இளம்பெண்கள் தம் உடலைப் பற்றி அதில் பேசுகிறார்கள். சுருள்முடியை ரசாயனம் பூசி நேராக்குவது, தோலை வெளுக்கும் களிம்பு, இயல்பான முடியோடு நடமாடினால் சொந்த வீட்டிலேயே எழும் முணுமுணுப்பு. இந்த அவமானத்தை உண்டாக்கியது நிறவெறி. அதற்கு மருந்து என்று சொல்லிக் காசு பார்ப்பது சந்தை.

பிறகு பொம்மைகள் வருகின்றன. உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் முன்பு கறுப்பினக் குழந்தைகளிடம் நடத்திய சோதனை அது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது. அரை நூற்றாண்டு கழித்து டேவிஸ் அதையே 21 குழந்தைகளிடம் செய்தார். 15 பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். ஒரு சிறுமி கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்கிறாள். ‘உன்னைப் போல இருப்பது எது?’ என்று கேட்டதும் தயங்குகிறாள். பிறகு கறுப்புப் பொம்மையை மெல்ல முன்னே தள்ளுகிறாள். விளக்கவுரை எதுவும் அந்தத் தயக்கத்துக்கு ஈடாகாது.

இதை இங்கே அப்படியே எடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கூடாது என்பதே எங்கள் கருத்து. இங்கும் சிவப்பழகுக் களிம்பு உண்டு. 1975 முதல் விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. ஆனால் சாதி தோலின் நிறத்தில் இல்லை. சாதி இனப் பிரிவினை அல்ல என்று ‘சாதி ஒழிப்பு’ நூலில் (அதுவும் மேடையேறாமல் 1936இல் அச்சேறிய உரைதான்) அம்பேத்கர் வாதிட்டார். சிவந்த தலித்தைச் சாதி விட்டுவிடுவதில்லை. கறுத்த பிராமணர் தெருவில் ஒதுக்கப்படுவதுமில்லை.

நம் உடல்மீது சாதி எங்கே எழுதப்படுகிறது என்பதை வேறு வழியில்தான் காட்ட வேண்டும். அமுதன் ஆர்.பி.யின் ‘பீ’ (2003) மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறது. அதில் பொம்மை இல்லை. துடைப்பமும் அவர் கைகளும் இருக்கின்றன.