பழைய மீன்தொட்டியைப் பாவனைக்கு எடுக்குமுன்

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து, சிறு வளவொன்றில் வாழும் குடும்பங்களுக்கு அலங்கார மீன் வளர்ப்பு கைகொடுக்கக்கூடிய ஒரு தொழிலாகும். இதற்கு ஏக்கர்க் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. நிழலும் நல்ல நீரும் இருந்தால் கப்பி மீனிலிருந்து தொடங்கலாம். புதிய தொட்டிக்குப் பணம் போதாதபோது பலர் பழையதை வாங்குகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் முன்பு வளர்ந்த மீன்களின் நோயும் அத்தொட்டியுடன் வீடு வந்து சேரலாம். கடன்பட்டு வாங்கிய குஞ்சுகள் ஒரே கிழமையில் இறந்தால், அந்த இழப்பைத் தாங்குவது கடினம்.

வாங்குமுன், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பயிருக்கு மருந்து கலந்த பீப்பாவோ வாளியோ எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு உதவாது. பூச்சிகொல்லி மிகச் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் மீன் இறந்துவிடும்.

கண்ணாடித் தொட்டியாயின் சமதரையில் வைத்து நீர் நிரப்பி, ஒரு நாள் முழுவதும் ஒழுக்குப் பாருங்கள். 60 சென்ரிமீற்றர் நீளமும், அகலமும் உயரமும் 30 சென்ரிமீற்றர் வீதமும் உள்ள தொட்டி 54 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் பாரம் மட்டும் 54 கிலோ. ஆட்டமுள்ள மேசையில் அதை வைக்கக்கூடாது.

கழுவும்போது சவர்க்காரம், சலவைத்தூள் வேண்டாம். அவற்றின் மிச்சம் மீனின் பூக்களைத் தாக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவதால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு ஏற்படும். வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாற்றில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் ஒட்டிவைத்துத் தேய்த்தால் அது கழன்றுவிடும். பின் நன்றாக அலசுங்கள்.

அடுத்தது கிருமி நீக்கம். வாசனை சேர்க்காத, வீட்டுப் பாவனைக்கான குளோரின் வெளிற்றும் திரவம் 1 பங்குக்கு நீர் 19 பங்கு கலந்து, தொட்டியையும் பிளாஸ்ரிக் குழாய்களையும் 15 நிமிடம் ஊறவிடுங்கள். பலமுறை அலசி, குளோரின் மணம் அறவே நீங்கும்வரை சில நாள் வெயிலில் காயவிடுங்கள். வெளிற்றும் திரவத்தை வினாகிரியுடனோ தேசிக்காயுடனோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வெளிப்படும். கையில் காயம் இருந்தால் கையுறை அணியுங்கள். மீனின் காசக்கிருமி காயத்தின் வழியே மனிதத் தோலையும் பற்றக்கூடும்.

பழைய வடிகட்டிப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். காற்றுப் பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். மின்சாரம் தடைப்படும்போது நீர் குழாய்வழி அதனுள் இறங்காது. வயர் வெடித்திருந்தால் பாவிக்க வேண்டாம். நீருக்குள் கை வைக்குமுன் மின் இணைப்பைக் கழற்றுங்கள்.

வெளியில் கிடந்த தொட்டியின் உட்சுவரை அழுத்தித் தேயுங்கள். டெங்கு நுளம்பின் முட்டைகள் உலர்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிருடன் ஒட்டியிருக்கும்.

தொட்டி சுத்தமானதும் எல்லா மீன்களையும் ஒன்றாக விட அவசரப்படாதீர்கள். மீனின் கழிவை நஞ்சற்றதாக்கும் நல்ல பற்றீரியாக்கள் பெருக 4 முதல் 6 கிழமை எடுக்கும். முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, அளவாக உணவிட்டு, சில நாளுக்கொருமுறை நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். அவை நலமாக இருந்தால் மற்றவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

நிலத்தைப் பண்படுத்தாமல் நாம் விதைப்பதில்லை. தொட்டிக்கும் அதே பொறுமை வேண்டும்.