'பாபநாசம்' ஹொலிவூட் சென்றால் கமலும் செல்வாரா?

'பாபநாசம்' திரைப்படத்தின் மூலக்கதையான 'திரிஷ்யம்' ஆங்கிலத்தில் மறுஆக்கம் செய்யப்படவுள்ளதாக 2024 பெப்ரவரியில் அறிவிப்பு வெளியானது. அதனைத் தொடர்ந்து ரசிகர்களின் மனதில் எழுந்த முதற்கேள்வி கதையைப் பற்றியதல்ல. அந்தப் பாத்திரத்தில் கமல்ஹாசன் நடிப்பாரா என்பதே அக்கேள்வி. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி இத்தகைய ஆசை கொண்டோரை நாம் அறிவோம். அடைமொழிகள் வேண்டாமென அவரே 2024 நவம்பரில் கேட்டுக்கொண்ட பின்னரும் 'உலகநாயகன்' என்ற பெயரை இவர்கள் கைவிட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெயருக்கு ஹொலிவூட்டும் ஒருமுறை சான்று வழங்கவேண்டும் என்பதே இவர்களது உள்ளக்கிடக்கை.

ஆசையில் தவறில்லை. ஆயினும் மறுஆக்கம் என்ற வணிகம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்கினால், இந்த ஆசை அதன் அடிப்படைக்கே முரணானது என்பது புலப்படும். மறுஆக்க உரிமை விற்கப்படும்போது கைமாறுவது கதை, காட்சிகளின் ஒழுங்கு, பாத்திரங்கள் ஆகியனவே. முதற்படத்தில் நடித்தவரின் நடிப்பு அந்த விற்பனையில் அடங்குவதில்லை. இந்தியாவின் பனோரமா நிறுவனம் ஜீத்து ஜோசப்பின் 2013ஆம் ஆண்டு மலையாளப் படத்தினது சர்வதேச மறுஆக்க உரிமையைப் பெற்று, அமெரிக்க நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்துள்ளது. கதை எந்த நாட்டுக்குப் போகின்றதோ அந்த நாட்டு மக்களுக்குப் பழக்கமான முகம் வேண்டும் என்பதற்காகவே மறுஆக்கம் செய்யப்படுகின்றது. மூல நடிகரே போதுமென்றால் எழுத்துவரிகளைச் சேர்த்து அதே படத்தைத் திரையிட்டுவிடலாமே!

இன்னொன்றையும் ரசிகர்கள் மறந்துவிடுகின்றனர். 2015இல் கமலுக்குச் சுயம்புலிங்கம் என்ற பாத்திரம் கிடைத்ததே மோகன்லாலின் ஜோர்ஜ்குட்டி விலக்கப்பட்டதனால்தான். கேரளக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை நெல்லைத் தமிழ் பேசத் தொடங்கியதும் வேறு படமாகவே ஆகிவிட்டது. நம் நாட்டிலும் தமிழ்நாட்டு இயக்குநர் செய்யார் ரவி இதே கதையை 2017இல் 'தர்மயுத்தய' என்ற பெயரில் சிங்களத்தில் எடுத்தார். தந்தையாக நடித்தவர் மறைந்த ஜக்சன் அந்தனி. 2019இன் சீனப் படம் கதையைத் தாய்லாந்துக்குக் கொண்டுசென்றதுடன், இறுதியில் தந்தை குற்றத்தை ஒப்புக்கொள்வதாக முடிவையும் மாற்றியது. இத்தனை பேருக்கும் இடமளித்த கதை ஆங்கிலத்தில் மட்டும் கமலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது எவ்வாறு பொருந்தும்?

இதற்கான முன்னுதாரணத்தைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நஸிருத்தீன் ஷா நடித்த 'எ வெட்னஸ்டே' என்ற 2008ஆம் ஆண்டு ஹிந்திப் படம் மறுவருடமே கமல் நடிப்பில் 'உன்னைப்போல் ஒருவன்' ஆனது. பின்னர் இலங்கை இயக்குநர் சந்திரன் இரத்தினம் அதனை 'எ கொமன் மேன்' என ஆங்கிலத்தில் எடுத்தார். 2013இல் வெளியான அப்படம் கொழும்பிலேயே படமாக்கப்பட்டது. ஆனால் கமலின் இடத்தில் இருந்தவர் பென் கிங்ஸ்லி. குஜராத்தி வம்சாவளித் தந்தைக்குப் பிறந்த பிரித்தானிய நடிகர் அவர். இலங்கை மண்ணில், இலங்கையர் ஒருவரின் இயக்கத்தில் உருவானபோதுகூட, ஆங்கிலப் படம் என்றதும் உலகச் சந்தைக்குத் தெரிந்த முகமே தேவைப்பட்டது.

இந்தக் கதையில் எமது முஸ்லிம் வாசகர்கள் கவனித்திருக்கக்கூடிய இன்னொரு மாற்றமும் உண்டு. விடுவிக்கப்படவேண்டிய நான்கு கைதிகளும் ஹிந்திப் படத்தில் முஸ்லிம்கள். தமிழில் அவர்களுள் ஒருவர் இந்து ஆயுத வியாபாரியாக மாற்றப்பட்டார். நாயகன் யார் என்பதைப் பற்றி ரசிகர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையில், குற்றவாளிக்கு எந்தச் சமூகத்தின் பெயர் சூட்டப்படுகின்றது என்பதும் அதே மேசையில்தான் தீர்மானிக்கப்படுகின்றது. எம்மைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே கனமானது.

மூல நடிகர்களை வைத்துக்கொண்டு மேற்கில் எடுக்கப்பட்ட மறுஆக்கங்கள் அறவே இல்லையா? உண்டு. ஜப்பானியப் பேய்ப்படமான 'ஜு-ஓன்', அதே இயக்குநர் தகாஷி ஷிமிசுவினாலேயே 2004இல் 'த கிரட்ஜ்' என ஹொலிவூட்டுக்காக எடுக்கப்பட்டது. பேயாக நடித்த தகாகோ ஃபுஜி அதிலும் பேயாகவே வந்தார். கதை நிகழுமிடமும் டோக்கியோவாகவே இருந்தது. ஆனால் கதாநாயகி மட்டும் அமெரிக்கராகிவிட்டார். பேய்க்குக் கிடைத்த இடம் நாயகிக்குக் கிடைக்கவில்லை!

இந்தியாவுக்குள் இந்த விதியை மீறிக் காட்டியவர் எமது மண்ணின் மைந்தர் என்பதில் நாம் சற்றுப் பெருமை கொள்ளலாம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1982இல் தாம் தமிழில் எடுத்த 'மூன்றாம் பிறை'யை மறுவருடம் 'சத்மா' என ஹிந்தியில் எடுத்தபோது கமல்ஹாசனையும் ஸ்ரீதேவியையும் மாற்றவில்லை. அது சாத்தியமானதன் காரணம் எளிது. மூலப்படத்தின் இயக்குநரே மறுஆக்கத்தையும் இயக்கினார். கமல் ஹிந்தி ரசிகர்களுக்கு ஏற்கனவே அறிமுகமாகியும் இருந்தார். அமெரிக்கச் சந்தையில் இன்று அந்த அறிமுகம் அவருக்கு இல்லை.

மேற்கத்தேயத் திரையில் எம்மவரின் முகம் தோன்றியது வேறு வழியில்தான். அல்லைப்பிட்டியில் பிறந்த அந்தோனிதாசன் யேசுதாசன், அதாவது எழுத்தாளர் ஷோபாசக்தி, 2015இல் கேன் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தின் நாயகன். அது எந்தப் படத்தின் மறுஆக்கமும் அல்ல. எமது அகதிகளின் கதை. அந்தக் கதைக்குத் தமிழ் பேசும் ஒருவர் தேவைப்பட்டார், நட்சத்திரம் தேவைப்படவில்லை. ஈராண்டு அல்ல, ஐந்தாண்டு கழித்து வந்த கனேடியப் படமான 'ஃபனி போய்', தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழரல்லாதோரைத் தெரிந்தமைக்காகவும் தமிழ் உச்சரிப்புக்காகவும் தமிழரின் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

'திரிஷ்யம்' கதையின் நாயகனே ஒரு திரைப்பட ரசிகன்தான். அதிகம் படிக்காத கேபிள் தொலைக்காட்சிக்காரன், பார்த்த படங்களிலிருந்து கற்ற தந்திரங்களைக்கொண்டு பொலிஸாரிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுகின்றான். அமெரிக்காவில் அவன் யாராக இருந்தாலும், இரவிரவாகக் கண்விழித்துப் பார்த்த படங்களில் கமலின் படம் ஒன்றேனும் இருக்குமா என்று எமது ரசிகர்கள் தேடத்தான் போகின்றார்கள்.