கடலில் நம் குடும்பத்துக்கு ஓர் அறை: வகைக்கு முன் இடம்

வட்டவடையின் மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைவிக்கும் குடும்பங்களுக்குக் கடல் அருகில் இல்லை. ஊரிலிருந்து மூணாறு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கிருந்து அடிமாலி, நேரியமங்கலம் வழியாகக் கொச்சி மேலும் 130 கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஆயினும், கடற்சுற்றுலா என்பது சிங்கப்பூருக்கோ ஐரோப்பாவுக்கோ விமானமேறிச் சென்றால்தான் கிட்டும் என்ற நிலை மாறிவிட்டது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து சேவையைத் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல், அம்மாதமே கொச்சிக்கும் வந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும், 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் அதன் பயணங்கள் தொடங்கின. கொச்சியில் உல்லாசக் கப்பல் பயணிகளுக்கென ‘சாகரிகா’ என்னும் முனையம் 2021 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது.

ஆகவே, ஓராண்டுச் சேமிப்பைக் கொண்டு குடும்பத்துடன் மூன்று நான்கு நாட்கள் கடலில் கழிக்க எண்ணுவோர் மலையூர்களிலும் இருப்பர். அவர்கள் முன் எழும் முதற் கேள்வி, கப்பலில் எந்த அறையை எடுப்பது என்பது. விளம்பரக் கையேடுகள் அறையின் வகையையே முன்னிறுத்துகின்றன: சாளரம் உண்டா, பால்கனி உண்டா என்று. குடும்பத்துக்கோ வரிசை வேறு. அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்பது முதலாவது, யார் யாருடன் உறங்குவர் என்பது இரண்டாவது, வகை மூன்றாவதே. இவ்வரிசை ஏன் என்பதை நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அசைவின் கணக்கு

டாப் ஸ்டேஷனிலிருந்து வட்டவடைக்கு ஜீப்பில் வந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கே குலுக்கலும் குமட்டலும் மிகுதி. நடுவில் அமர்ந்தவருக்குக் குறைவு. கப்பலிலும் அதுவே விதி. கப்பல் அலைமீது முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும், பக்கவாட்டிலும் சாயும். இவ்விரு அசைவுகளும் கப்பலின் நடுப்பகுதியை மையமாகக் கொண்டவை. மையத்திலிருந்து விலக விலக அசைவு பெருகும்.

எம்பிரஸ் கப்பலின் நீளம் சுமார் 211 மீட்டர். அது முன்பின்னாக ஒரே ஒரு பாகை சாய்ந்தால், நடுவிலிருந்து 105 மீட்டர் தொலைவிலுள்ள முன்முனை ஏறத்தாழ 1.8 மீட்டர் ஏறி இறங்கும். நடுவிலிருந்து 10 மீட்டர் தொலைவிலுள்ள அறையோ ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் மட்டுமே அசையும். உயரத்துக்கும் இதே கணக்குதான். பக்கவாட்டில் ஒரு பாகை சாயும்போது, சுழல் மையத்துக்கு 20 மீட்டர் மேலே உள்ள தளம் சுமார் 35 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும்; 5 மீட்டர் மேலே உள்ள தளம் சுமார் 9 சென்டிமீட்டரே நகரும்.

மலைச்சரிவில் மேற்படி வயலுக்குக் காட்சி அதிகம், காற்றும் அதிகம். கப்பலின் மேல்தளமும் அத்தகையதே. தளம் உயர உயரக் கட்டணமும் உயர்வது வழக்கம். ஆனால் அந்தக் கூடுதல் தொகை அமைதியான உறக்கத்தைத் தருவதில்லை. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் மிகுதி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனவே குழந்தைகளோடும் முதியோரோடும் செல்லும் குடும்பம், கீழ்த்தளங்களில், கப்பலின் நீளவாக்கில் நடுவே அமைந்த அறையைக் கேட்டுப் பெறுவது நன்று.

பருவமும் இதில் பங்கு வகிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக்கடல் கொந்தளிப்புடன் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல்கள் தோன்றும் காலம். ஜனவரி முதல் மார்ச் வரை இரு கடல்களும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். முதல் பயணத்துக்கு இம்மாதங்களே உகந்தவை.

ஓசையின் வரைபடம்

ஒவ்வொரு கப்பலுக்கும் தளவாரியான வரைபடம் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் நம் அறையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மேலே நீச்சல்குளத் தளமோ உணவுக்கூடமோ இருந்தால், விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். கீழே அரங்கமோ நடனக்கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை இசை ஒலிக்கும். முன்முனைக்கு அருகில் நங்கூரச் சங்கிலியின் இரைச்சலும், பின்முனைக்கு அருகில் இயந்திர அதிர்வும் உணரப்படலாம். மேலும் கீழும் பயணிகள் அறைகளே அமைந்த தளமே அமைதியானது.

மின்தூக்கிக்கு அருகில் அறை இருப்பது பாட்டி தாத்தாவுக்கு வசதி. ஆனால் அதற்கு நேரெதிரே இருந்தால் இரவெல்லாம் பேச்சொலி கேட்கும். நான்கைந்து அறைகள் தள்ளி எடுத்தால் இரண்டும் கைகூடும்.

நான்கு வகைகள்

கப்பல் அறைகள் பொதுவாக நான்கு வகைப்படும். முதலாவது உள்ளறை. இதற்குச் சாளரம் இல்லை. கட்டணம் மிகக் குறைவு. விளக்கை அணைத்தால் முழு இருள் என்பதால் பகலில் குழந்தையை உறங்கவைக்க ஏற்றது. ஆனால் தொடுவானம் கண்ணுக்குத் தெரியாததால், குமட்டல் வந்தவர் அறையைவிட்டு மேல்தளத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும். உட்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் பொருந்தாதபோதே குமட்டல் எழுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் அவ்விரண்டும் பொருந்தத் தொடங்கும்.

இரண்டாவது, திறக்க இயலாத சாளரம் கொண்ட அறை. முதல் பயணம் செல்லும் குடும்பத்துக்கு இது நடுவழி. உயிர்காப்புப் படகு முன்னே தொங்கிக் காட்சியை மறைக்கும் அறைகளும் இவ்வகையில் உண்டு. வரைபடத்தில் அக்குறிப்பைத் தேட வேண்டும். மூன்றாவது பால்கனி அறை. பெரியவர்களுக்கு இன்பம் தரும். சிறு குழந்தை இருந்தால் கதவைப் பூட்டியே வைத்து, நாற்காலியைக் கைப்பிடிச் சுவரிலிருந்து விலக்கி, எப்போதும் கண்காணிக்க வேண்டும். நான்காவது ‘சூட்’ எனப்படும் விசாலமான அறைத்தொகுதி. கட்டணமும் அதற்கேற்பவே இருக்கும்.

பழைய கப்பல்களில் உள்ளறை 120 முதல் 150 சதுர அடி அளவிலேயே இருக்கும். அதாவது, நம் வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதற்குள் நால்வர் என்றால், மூன்றாவது நான்காவது படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படுபவையாக இருக்கும். அவற்றுக்கு ஏணி ஏற வேண்டும். முதியவரால் அது இயலாது. மிகச் சிறு குழந்தைக்கும் கூடாது.

ஐவருக்கான கணக்கு

கணவன், மனைவி, இரு குழந்தைகள், பாட்டி என ஐவர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக, உள்ளறையில் முதல் இருவருக்குத் தலைக்கு 100 பங்கு, மூன்றாமவருக்கு 60 பங்கு என்று வைப்போம். சாளர அறையில் இவை 125, 70. பால்கனி அறையில் 160, 80. நான்காமவருக்கும் மூன்றாமவருக்குரிய கட்டணமே. தனியொருவர் ஓர் அறையை எடுத்தால், பல நிறுவனங்கள் இருவர் கட்டணத்தையோ அதற்கு நெருங்கிய தொகையையோ கேட்கும் என்பதால், பாட்டியின் தனி உள்ளறைக்கு 200 பங்கு ஆகும்.

பெற்றோரும் குழந்தைகளும் பால்கனி அறையிலும், பாட்டி தனியே உள்ளறையிலும் இருந்தால் மொத்தம் 680 பங்கு. பெற்றோரும் இளைய குழந்தையும் ஓர் உள்ளறையிலும், பாட்டியும் மூத்த குழந்தையும் மற்றோர் உள்ளறையிலும் இருந்தால் 460. அதே ஏற்பாட்டை இரு சாளர அறைகளில் செய்தாலும் 570 தான். பால்கனியை விட்டுக்கொடுத்த குடும்பத்துக்கு இரண்டு குளியலறைகளும், ஏணி ஏறாத படுக்கை பாட்டிக்கும், மிச்சப் பணமும் கிடைக்கின்றன. பாட்டி தனித்தும் விடப்படுவதில்லை. உண்மைக் கட்டணங்கள் நாளுக்கு நாள் மாறும். இக்கணக்கை அன்றைய கட்டணத்தைக் கொண்டு நாமே போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு அறைகள் எடுக்கும்போது, ‘அடுத்தடுத்த அறைகள்’ வேறு, ‘இணைப்புக் கதவு உள்ள அறைகள்’ வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னதில் இரவில் குழந்தை அழுதால் நடைவழிக்கு வந்துதான் மறு அறைக்குச் செல்ல முடியும். மேலும், சில நிறுவனங்கள் வகையை மட்டும் உறுதிசெய்து, அறை எண்ணைப் பின்னர் தாமே ஒதுக்கும் மலிவான சீட்டை விற்கின்றன. தம்பதியர்க்கு அது இலாபமாகலாம். குடும்பத்துக்கோ ஓர் அறை ஐந்தாம் தளத்திலும் மற்றொன்று ஒன்பதாம் தளத்திலும் அமையக்கூடும். எண் உறுதியான அறைகளையே குடும்பம் பெற வேண்டும்.

முழங்கால் வலி உள்ள முதியோர் உடன் வந்தால், குளியலறை வாயிலில் உயர்ந்த படி உள்ளதா என்று கேட்க வேண்டும். பல கப்பல்களில் நீர் வெளியே வழியாதிருக்க அத்தகைய படி இருக்கும். இரவில் அதில் இடறக்கூடும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளில் அப்படி இராது. ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளையும், கர்ப்பகாலத்தில் 24 வாரம் கடந்தவர்களையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

பணம் செலுத்துமுன்

விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் அறைக் கட்டணம் மட்டுமே. ஜிஎஸ்டி, துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைக் கட்டணம் ஆகியவை சேர்ந்த மொத்தத்தைக் கேட்டே ஒப்பிட வேண்டும். கப்பலில் செய்யும் செலவுகள் அறைக் கணக்கில் ஏறி, இறுதியில் அட்டையிலிருந்து வசூலிக்கப்படும். ஆகவே குழந்தைகளின் அறை அட்டையில் செலவு வசதியை முடக்கிவைக்கும்படி வரவேற்பு மேசையில் கேட்கலாம்.

ரத்து விதிகளை முன்பே படிக்க வேண்டும்; புறப்படும் நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும். பயணக் காப்பீட்டில் கப்பல் பயணமும், கப்பல் மருத்துவமனைச் செலவும் அடங்குமா என்று உறுதிசெய்வது அவசியம். பணத்தை நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளம் வழியாகவோ அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகவோ மட்டுமே செலுத்த வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்புக்கோ, தனிநபர் கணக்குக்கோ, அறிமுகமற்ற க்யூஆர் குறியீட்டுக்கோ பணம் அனுப்பலாகாது. கடனில் தொடங்கும் விடுமுறையை விட, பயணத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்கும் தொடர் வைப்புக் கணக்கு மனநிம்மதி தரும். வெளிநாட்டுச் சுற்றுலாத் திட்டம் என்றால் கட்டணத்துடன் வசூலிக்கப்படும் டிசிஎஸ் வரியை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ரசீதைப் பாதுகாக்க வேண்டும்.

குடும்பத்தில் எவருக்கேனும் கடல் ஒவ்வாதோ என்ற ஐயம் இருந்தால், பெருந்தொகை செலவிடுமுன் சில மணிநேரக் கடல் உலா ஒன்றை மேற்கொண்டு பார்க்கலாம். கேரள அரசின் கப்பல் மற்றும் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகத்தின் ‘நெஃபர்டிடி’ கப்பல் 200 பயணிகள் வரை ஏற்றிக் கொச்சியிலிருந்து கடலுக்குச் சென்று திரும்பும். அளவில் சிறிய அக்கப்பலில் தாங்கியவர் பெருங்கப்பலிலும் தாங்குவார் என்று நம்பலாம். ஆலப்புழையின் கெட்டுவள்ளத்தை இதற்கு அளவுகோலாகக் கொள்ள இயலாது. காயல்நீரில் கடலலை இல்லை.

கப்பல் எவருக்காகவும் காத்திராது. பயணிகள் நுழைவு சில மணி நேரம் முன்பே மூடப்படும். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண்சரிவும் நேரும். எனவே வட்டவடையிலிருந்து புறப்படுவோர் முந்தைய நாள் பகலிலேயே காட்டுவழியைக் கடந்து, இரவைக் கொச்சியில் கழிப்பது நலம். ஏறியதும் செய்ய வேண்டிய முதற்பணி, உயிர்காப்புப் பயிற்சியில் குடும்பத்தோடு கலந்துகொள்வது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குள்ளானதை அடுத்து, 2015 முதல் இப்பயிற்சி கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தப்பட வேண்டும் என்று உலகளாவிய விதி திருத்தப்பட்டது. அறையிலிருந்து நம் கூடுமிடத்துக்குச் செல்லும் வழியைக் குழந்தைகளோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பின்னர் பெட்டிகளைப் பிரிப்போம்.