கம்ப்யூட்டர் கணக்கு தப்பினால் கைப்பணம் கட்டுவது யார்?

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை. நாட்டின் பல விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்து, பயணியின் பெயர், விமானத்தின் எண், புறப்படும் நேரம் ஆகியவற்றைக் கையால் எழுதி "போர்டிங் பாஸ்" கொடுத்தார்கள். மும்பையிலும் கம்ப்யூட்டர் கைவிட்டதால், ஆட்களை வைத்தே பயணிகளைச் சரிபார்த்து ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து ரெயில்வே கவுண்ட்டர் திரும்பி வந்துவிட்டது என்று எங்கள் ஆபீசில் அன்று பலர் சிரித்தார்கள்.

சங்கதி என்னவென்றால், "கிரவுட்ஸ்டிரைக்" என்னும் அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டர்களுக்குக் காவல் காக்கும் ஒரு சாப்ட்வேரை விற்கிறது. அன்று நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு அந்தச் சாப்ட்வேருக்கு ஒரு சிறு திருத்தத்தை உலகம் முழுவதும் அனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருந்த புரோகிராம் 20 கட்டங்களை எதிர்பார்த்தது. வந்த திருத்தமோ 21-வது கட்டத்தைப் பார்க்கச் சொன்னது. இல்லாத கட்டத்தைத் தேடிப் போன எந்திரம் குப்புற விழுந்தது. 78 நிமிடத்தில் தவறு தெரிந்து திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. பல இடங்களில் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்துதான் எழுப்ப வேண்டியிருந்தது.

20 கட்டம் உள்ள ரிஜிஸ்தரில் 21-வது விவரம் வந்தால் நம் குமாஸ்தா என்ன செய்வார்? ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்து, பெரிய கிளார்க்கைக் கேட்பார். எந்திரத்துக்கு ஓரமும் தெரியாது; பெரிய கிளார்க்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை ஆகாது

இதைப் பற்றி, செம்பூரில் குடியிருக்கும் ஒரு புரோகிராமரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். இருபது வருடமாக அந்தேரிப் பக்கம் சாப்ட்வேர் எழுதுகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை புதிய புரோகிராமை வெளியே விடக் கூடாது என்பது அவருடைய தொழிலில் ஒரு சம்பிரதாயமாம். ராகு காலம் பார்த்து அல்ல. சனி, ஞாயிறு ஆள் இருக்க மாட்டார்கள், தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை என்பதால். அதைவிட முக்கியம், எந்தத் திருத்தத்தையும் முதலில் நூறு கம்ப்யூட்டருக்கு அனுப்பி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும், பிறகு ஆயிரம், பிறகுதான் ஊருக்கெல்லாம். ஜூலை சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கம்பெனியும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு வந்துவிட்டது.

"தம்பி, பிழை இல்லாத புரோகிராம் என்று ஒன்று கிடையாது. பிழை வந்தால் அந்தச் செய்தி எழுதினவன் காதுக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி" என்றார் அண்ணாச்சி.

போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் எடுத்துச் சொன்னது இங்கிலாந்து தபால் ஆபீஸ் விவகாரம். டி.வி.யில் அங்கே 2024 ஜனவரியில் தொடராக ஓடி நாட்டையே உலுக்கிய கதை அது. நம்மவர்கள் அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. ஆனால் கவுண்ட்டரில் காசு வாங்கிப் போடும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது என்பது என் எண்ணம்.

கர்ப்பிணிக்கு ஜெயில்

இங்கிலாந்தில் சிறு தபால் ஆபீசுகளைத் தனியார் கடைக்காரர்களே நடத்துகிறார்கள். 1999 முதல் அவர்களுக்கு "ஹொரைஸன்" என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை கொடுக்கப்பட்டது. "புஜித்சு" கம்பெனியுடையது. அதன்பின் ஊர் ஊராகக் கடைக்காரர்களின் கணக்கில் பணம் குறைந்தது. குறைந்த பணத்தை அவரவர் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். கட்டியும் அடுத்த மாதம் மறுபடி குறைந்தது. உதவி கேட்டு டெலிபோன் செய்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்பது. அதே பதில் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்பது வெகு காலம் கழித்துத்தான் வெளியே வந்தது.

பிழை எப்படி இருந்தது என்பதற்கு ஒன்றைச் சொல்லலாம். 2015-ல், ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற ஊர் கிளையிலிருந்து இன்னொரு இடத்துக்கு 8 ஆயிரம் பவுண்டு அனுப்பியதாகப் பதிய வேண்டும். பொத்தானை அழுத்தினார்கள், திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார்கள். திரை அசையாமல் நின்றதே தவிர, உள்ளே ஒவ்வொரு அழுத்தலும் ஒரு புதிய 8 ஆயிரமாகப் பதிவாகிவிட்டது. மொத்தம் நான்கு முறை. 24 ஆயிரம் பவுண்டு துண்டு விழுந்தது. திரை நின்றுபோனால் பொத்தானைத் திரும்ப அழுத்தாதவர் உலகத்தில் உண்டா?

1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பெரும்பாலான வழக்குகளைப் போட்டது போலீஸ் அல்ல. தபால் இலாகாவே வாதியாக நின்றது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா என்ற பெண்மணி மேல் 74 ஆயிரம் பவுண்டு குறைந்ததாக வழக்கு. 2010 நவம்பரில் அவருக்கு 15 மாத ஜெயில் விதிக்கப்பட்டது. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அவர் கர்ப்பிணியாகவும் இருந்தார்.

கடைசியில் 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் ஐகோர்ட்டு நீதிபதி பிரேசர், ஹொரைஸனில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளில் பணத்தைக் குறைத்துக் காட்டக் கூடியவை என்று தீர்ப்பளித்தார். கிளைக்காரருக்குத் தெரியாமலேயே புஜித்சு ஆட்கள் வெளியிலிருந்து அந்தக் கணக்கில் கை வைக்க முடியும் என்பதும் அம்பலமாயிற்று. 2021 ஏப்ரலில் 39 பேருடைய தண்டனைகள் ஒரே நாளில் ரத்தாயின. சீமா மிஸ்ராவும் அதில் ஒருவர். மீதிப் பேருக்காக 2024 மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. 13 பேராவது இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது. சட்டம் அவர்களை என்ன செய்ய முடியும்?

அட்டை டிக்கெட்டின் சாட்சி

இதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது, பழைய கெட்டி அட்டை டிக்கெட். இன்றைய வாலிபர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு அட்டையிலும் வரிசை எண் அச்சாகியிருக்கும். டியூட்டி தொடங்கும்போது முதல் எண்ணை எழுது. முடியும்போது கடைசி எண்ணை எழுது. வித்தியாசத்தைக் கட்டணத்தால் பெருக்கினால் பெட்டியில் இருக்க வேண்டிய பணம். குறைந்தால் கிளார்க் கட்ட வேண்டும். அன்றும் அதுதான் விதி, இன்றும் அதுதான் விதி. ஆனால் யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். எட்டாங்கிளாஸ் படித்தவருக்குப் போதும்.

முன்பதிவுக்கு வந்த கம்ப்யூட்டர் சாமானிய நன்மை செய்யவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் தேதிவாரியாக ரிஜிஸ்தர். ஒரு வண்டிக்கு ஒரு கவுண்ட்டர். கியூவில் நின்று நின்று கால் வீங்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகப் படுக்கையை விரித்து இரவு முழுவதும் காத்துக் கிடந்த தாராவிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1985-86-ல் பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி. எழுதிய புரோகிராம் டெல்லியில் முதலில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத். 1999-ல் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. எந்தக் கவுண்ட்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்பது அப்படி வந்த வசதிதான். (கம்ப்யூட்டரில் தமிழருக்கும் மும்பைக்கும் உள்ள உறவு அதற்கும் பழையது. கொலாபாவில் உள்ள டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் 1960-ல் இயங்கத் தொடங்கிய கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன்.)

அந்தக் காலத்தில் வங்கி, எல்.ஐ.சி. குமாஸ்தாக்கள் கம்ப்யூட்டரை எதிர்த்தது வேலை போய்விடும் என்ற பயத்தால். எத்தனை எந்திரம் வரலாம் என்று பேரம் நடந்தது. எந்திரம் தப்புக் கணக்குப் போட்டால் யார் பொறுப்பு என்று எந்தச் சங்கமாவது உரக்கக் கேட்டதாக நான் படித்ததில்லை.

ரெயில்வே கவுண்ட்டரில் எந்திரம் அச்சடிக்கும் டிக்கெட் ரோலிலும் முன்கூட்டியே அச்சான வரிசை எண் உண்டு. கெட்டுப்போன டிக்கெட்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பலருக்கு அது ஒரு தொல்லை. ஆனால் அண்ணாச்சி அதைக் கேட்டதும் கையைத் தட்டினார். எந்திரத்தின் கணக்கு ஒன்று. எந்திரத்துக்குத் தெரியாத காகிதத்தின் கணக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப் போக வேண்டும். புரோகிராம் எழுதுகிறவனே அதைச் சோதிக்கவும் கூடாது என்று தங்கள் தொழிலில் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான் என்றார். ஹொரைஸனில் குற்றம் சாட்டிய எந்திரமே சாட்சியாகவும் நின்றது. செல்போனில் டிக்கெட் எடுக்கும்போது காகித ரோலும் கிடையாது என்பதை அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை.

இங்கிலாந்துச் சட்டத்தின் பங்கும் இதில் உண்டு. 1984-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்ற வழக்கில் கம்ப்யூட்டர் கணக்கைக் காட்டுகிறவர், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று நிரூபிக்க வேண்டும். 1999-ல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். எந்திரம் சரியாகவே இருந்தது என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர் காட்ட வேண்டும். ஒரு சிறு கடைக்காரர் புஜித்சுவின் புரோகிராமை எங்கே போய்த் தேடுவார்? இதை மாற்றலாமா என்று அந்த அரசாங்கமே 2025 ஜனவரியில் கருத்துக் கேட்கத் தொடங்கியது.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, கம்ப்யூட்டர் ஆவணத்தோடு இரண்டு பகுதியாகச் சான்றிதழ் கேட்கிறது. ஒன்று எந்திரத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுப்பது. மற்றது நிபுணர் கொடுப்பது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவான பிறகு யாரும் மாற்றவில்லை என்று காட்டுவது சுலபம், பதிவானதே சரியா என்று காட்டுவது வேறு என்பது அண்ணாச்சியின் கட்சி. டால்மெல்லிங்டனில் யாரும் எதையும் மாற்றவில்லையே!

2025 ஜூலையில், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது நம் வீடுகளில் பெரிய கவலை. பெரும்பாலும் நடுத்தர, மேல்தட்டு ஊழியர்கள் என்றும் சொல்லப்பட்டது. இப்போது புரோகிராமையே செயற்கை அறிவு எந்திரம் எழுதிக் கொடுக்கிறது. இனி நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று பெற்றோர் கேட்கிறார்கள். அண்ணாச்சியின் கவலை வேறு. எந்திரம் வேகமாகத்தான் எழுதுகிறது, பல சமயம் நன்றாகவும் எழுதுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் பழைய புரோகிராம் எந்த இடத்தில் வழுக்கும் என்று தெரிந்தவர்கள் அந்த நடுத்தர ஆட்கள்தான். அவர்களை அனுப்பிவிட்டு, எந்திரம் எழுதியதை எந்திரத்தை வைத்தே சோதித்தால், கையெழுத்துப் போடுவது யார் என்கிறார்.

சர்நேம் எங்கே?

நமக்குப் பக்கத்திலேயே ஒரு 21-வது கட்டம் இருக்கிறது. அது சர்நேம். மராட்டியருக்கும் குஜராத்தியருக்கும் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு. பாரம் அப்படித்தான் அச்சாகிறது. புரோகிராமும் அப்படித்தான் எழுதப்படுகிறது. நமக்கு இருப்பது ஒரு பெயர், ஒரு இனிஷியல். கட்டம் காலியாக இருந்தால் எந்திரம் மேலே போகாது. ஆகவே ஒரு கார்டில் தகப்பனார் பெயர் சர்நேம் ஆகிறது. இன்னொன்றில் ஊர்ப் பெயர். மூன்றாவதில் இனிஷியலே சர்நேம். ஒரே ஆள், மூன்று மனிதர். பள்ளிக்கூடச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்கும் ஒத்துப் போகாமல் அலையும் தமிழ்க் குடும்பங்கள் தாராவியில் எத்தனை!

சர்நேம் கட்டாயம் என்று எழுதின புரோகிராமர் எந்தத் தமிழனையும் கேட்டிருக்க மாட்டான் என்றார் அண்ணாச்சி. தானும் சின்ன வயதில் அப்படி ஒன்று எழுதியதாகவும், அதில் தன் பெயரையே பதிய முடியவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

தாராவியில் சீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண். விவரமும் ஆவணமும் எந்திரத்தில் ஏறின. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன் இருந்தவரா, பின் வந்தவரா, கீழ்த்தளமா, மாடியா என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு எங்கே வீடு என்பது. அங்கே ஒரு எழுத்து மாறினால் 24 ஆயிரம் பவுண்டை விடப் பெரிய துண்டு விழும்.

வரைவுப் பட்டியல் வெளியாகும்போது பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவது நம் ஆட்களின் வழக்கம். எழுத்து, இனிஷியல், தகப்பனார் பெயர், கீழ்த்தளம் அல்லது மாடி, வருடம் ஆகிய அனைத்தையும் பழைய ரேஷன் கார்டு, மின்சார பில் ஆகியவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் மனுக் கொடுத்து, முத்திரையும் தேதியும் போட்ட நகலைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு, தெருவில் உள்ள காலேஜ் பிள்ளைகளைக் கேட்டால் எழுதித் தருவார்கள்.