பத்தில் ஆறு பேருக்கு வராத கணக்கு

சுங்கை பினாங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் போக ஜெலுத்தோங் சாலையும் உண்டு, கடலோர விரைவுச்சாலையும் உண்டு. இரண்டு வழிகளின் தூரத்தையும் துண்டு துண்டாகக் கொடுத்தால், எது குறைவு என்று ஒரு 15 வயது மாணவர் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியாவில் நாணயம் மாற்றும் கடைப் பலகையைப் பார்த்து, 300 ரிங்கிட்டுக்கு எத்தனை இந்திய ரூபாய் கிடைக்கும் என்றும் கணக்கிட வேண்டும். பீசா எனும் அனைத்துலக மாணவர் மதிப்பீட்டில், கணிதத்தின் இரண்டாம் நிலை ஏறக்குறைய இவ்வளவுதான். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மலேசிய மாணவர்களில் 59 விழுக்காட்டினர் இந்த நிலையைத் தொடவில்லை. ஜொகூர் பாலத்தைத் தாண்டிய சிங்கப்பூரில் தொடாதவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. சராசரிப் புள்ளி நமக்கு 409, அவர்களுக்கு 575.

கோவிட் காலத்தைக் காரணம் காட்டலாம். 2018இல் நாம் 440 புள்ளியில் இருந்தோம். பள்ளிகள் நெடுநாள் பூட்டிக் கிடந்ததும் உண்மை. ஆனால் அப்போதே 41 விழுக்காட்டினர் இரண்டாம் நிலைக்குக் கீழேதான். "சிங்கப்பூர் பணக்கார நாடு, அதோடு ஒப்பிடலாமா?" என்பார்கள் சிலர். நம்மைவிட வருமானம் குறைந்த வியட்நாம் 469 புள்ளி எடுத்ததே!

சரிவு நேற்றுத் தொடங்கியதும் அல்ல. படிவம் 2 மாணவர்கள் எழுதும் திம்ஸ் என்ற இன்னோர் அனைத்துலகத் தேர்வில், 1999இல் மலேசியா 519 புள்ளி பெற்றது. 2007இல் 474, 2011இல் 440, 2023இல் 411. சிங்கப்பூரோ 1999இல் 604, 2023இல் 605. யு.பி.எஸ்.ஆர், பி.டி.3 தேர்வுகளை ரத்து செய்ததால்தான் தரம் கெட்டது என்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1999க்கும் 2011க்கும் இடையில் யு.பி.எஸ்.ஆரும் பி.எம்.ஆரும் ஆண்டு தவறாமல் நடந்தன. அப்போதுதான் 79 புள்ளி இறங்கியது. தேர்வு குறையைக் காட்டும், அவ்வளவுதான். காட்டிய பிறகு அந்தப் பிள்ளையை யார் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்?

சிங்கப்பூரில் கணக்கில் பின்தங்கிய குழந்தையைத் தொடக்கநிலை ஒன்றிலேயே கண்டறிந்து, சிறு குழுவாகத் தனியே கற்பிக்கிறார்கள். 1980களில் அங்கு உருவான கட்டப்பட முறையும் தடுமாறும் பிள்ளைக்குப் பெரிய துணை. ஒருவர் தம் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவழித்தபின் 36 வெள்ளி மிச்சம். முதலில் எவ்வளவு இருந்தது? ஐந்து கட்டம் போட்டு இரண்டை அடித்துவிட்டால், மீதி மூன்று கட்டம் 36. ஒரு கட்டம் 12, ஆக மொத்தம் 60. இயற்கணிதம் எதுவும் தேவைப்படவில்லை. பின்னம் என்றால் என்ன என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழில் கணிதம் படித்தவருக்குப் படிவம் 1இல் பின்னம் 'பெச்சாஹான்' ஆகிறது, விழுக்காடு 'பெராத்துஸ்' ஆகிறது. கைதூக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவருக்குக் கணக்கு வரவில்லையா, சொல் புரியவில்லையா என்று நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இருந்தாலும் எல்லாப் பழியையும் மொழிமேல் போட முடியாது. நாட்டு மாணவர்களில் தமிழ்ப்பள்ளி வழி வந்தவர்கள் சிறு பகுதிதான். அந்த 59 விழுக்காட்டில், முதலாம் ஆண்டிலிருந்தே மலாயில் படித்தவர்கள்தாம் மிகுதி.

இவர்கள் இன்னும் மூன்று ஆண்டில் மோட்டார் சைக்கிள் தவணை ஒப்பந்தத்திலும் பி.டி.பி.டி.என் கடன் பாரத்திலும் கையெழுத்துப் போடுவார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. பெற்றோரும் பெரும்பாலும் எஸ்.பி.எம் நெருங்கும்போதுதான் டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள். அங்கே பின்னத்தை முதலிலிருந்து எடுக்க நேரம் ஏது? படிவம் 4 கணிதப் பாடநூலின் முதல் பாடமே இருபடிச் சார்பு.